40,000 ரூபா, எழுத்து ஊழியம்: நோட்டீஸா, பத்திரிகையா, போனா, புத்தகமா?

போன லெந்து நாள்ல, அதாவது ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்துல, எங்க சபைக்கு ஒரு குடும்பம் ஸ்தோத்திரக் காணிக்கையா 40,000 ரூபா குடுத்தாக. குடுக்கும்போதே போதகர் ஐயாகிட்ட தெளிவா சொல்லிட்டாக, இது பெயின்ட் அடிக்க இல்ல, மைக் செட்டுக்கு இல்ல, எழுத்து ஊழியத்துக்கு, அதாவது நம்ம விசுவாசத்தை எழுத்து மூலமா நாலு பேருக்குக் கொண்டு போறதுக்கு மட்டும்தான்னு. அவ்வளவுதான், கமிட்டியில ஏழு பேரு, எட்டு அபிப்பிராயம். போதகர் ஐயாவுக்கு கைப்பிரதி, ரிட்டயர்டு வாத்தியார் ஒருத்தருக்கு மாசப் பத்திரிகை, வாலிபர் சங்கத்துப் பசங்களுக்கு ரீல்ஸ், எனக்கு வேற ஒரு ஆசை, அதைப் பின்னாடி சொல்றேன்.

காரைக்குடியில எனக்கு சின்னதா ஒரு டிடிபி கடை. கல்யாணப் பத்திரிகை, காதணி விழா, கண்ணீர் அஞ்சலி, கும்பாபிஷேக நோட்டீஸ், எது வந்தாலும் டைப் பண்ணி, ப்ரூஃப் பாத்து, பிளேட் போட்டு, ஆஃப்செட்காரர்கிட்ட அடிச்சு வாங்கிக் குடுக்கிறதுதான் பொழப்பு. அதனால முதல்லயே ஒண்ணு சொல்லிர்றேன், எதை அச்சடிச்சாலும் என் கடைக்கு வேலை வரும், போன் வேணாம்னு நான் சொன்னா கொஞ்சம் சந்தேகத்தோடயே படிங்க. இதே மாதிரி ஒரு தொகையை வச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னு உக்காந்திருக்கிற சின்ன சபை, ஜெபக்குழு யாராவது இருந்தா உதவும்னுதான் எழுதுறேன்.

கமிட்டியில வாத்தியார் சும்மா இல்லாம 1578-ல ஆரம்பிச்சார். கொல்லத்துல அந்த வருஷம் அக்டோபர் 20-ந் தேதி அண்டிரிக் அடிகளார் அச்சடிச்ச தம்பிரான் வணக்கம்தான் இந்தியாவுல இந்திய மொழி எழுத்துல வந்த முதல் அச்சுப் புத்தகம், அதுவே நம்ம ஊழியம்தான்யான்னு. எல்லாரும் தலையாட்டிட்டு டீ குடிக்கப் போயிட்டாங்க. எனக்கு மட்டும் ஒரு விஷயம் மண்டையில நின்னுச்சு, அந்தப் புத்தகம் 16 பக்கம். எங்க தொழில்ல 16 பக்கம்னா ஒரே ஒரு பாரம், ஒரே பெரிய தாள்ல அடிச்சு மடிக்கிற அளவு. முத்துக்குளித்துறையில வேலை செஞ்ச மனுஷன், கையில இருந்த எழுத்தை வச்சு ஒரு பாரம் அடிச்சிருக்கார். நாங்க 40,000 ரூபாயை வச்சுக்கிட்டு என்சைக்ளோபீடியா ரேஞ்சுக்குப் பேசிட்டிருந்தோம்.

சரி, கைப்பிரதி. நோட்டீஸ்னே சொல்றேன், ஊர்ல அப்படித்தான் சொல்றாங்க. ஏ4 தாள ஒரு மடிப்பு மடிச்சு நாலு பக்கம், ரெண்டு கலர், 5,000 பிரதி, நான் விசாரிச்ச வரைக்கும் எட்டாயிரத்துக்குள்ள முடிஞ்சிரும். இதை விட மலிவா இத்தனை கைக்குப் போற எழுத்து வேற கிடையாது. பஸ் ஸ்டாண்டு, கவர்மென்ட் ஆஸ்பத்திரி வராண்டா, ரயில் பெட்டி, எங்கெல்லாம் மனுஷன் காத்துக்கிட்டு சும்மா உக்காந்திருக்கானோ அங்க நோட்டீஸ்தான் ராஜா. ஆபகூக்ல ஓட்டமாய் வாசிக்கும்படி பலகையில எழுதுன்னு வருதுல்ல, அது நோட்டீஸ் எழுதுறவனுக்குன்னே சொன்ன மாதிரி இருக்கும். ரெண்டு நிமிஷத்துல ஒரு விஷயம், ஒரே ஒரு விஷயம், சொல்லி முடிக்கணும். நம்ம ஆளுக என்ன பண்றாங்க, ஆதாம்ல ஆரம்பிச்சு வெளிப்படுத்தின விசேஷம் வரைக்கும் எட்டு பாயிண்ட் எழுத்துல அடைச்சு, மிச்சம் இருக்கிற ஓரத்துல சபை ஆராதனை நேரத்தையும் போட்டுர்றாங்க.

இந்த நோட்டீஸ் விஷயத்துல எனக்கு ஒரு பாவம் இருக்கு, அறிக்கையிட்டுர்றேன். ஆறேழு வருஷத்துக்கு முன்னாடி சபைக்கு 5,000 நோட்டீஸ் நானே டைப் பண்ணி அடிச்சுக் குடுத்தேன். பின்பக்கம் ஜெப உதவிக்கு போன் நம்பர். அதுல ஒரு இலக்கம் தப்பு. மூணு பேரு ப்ரூஃப் பாத்தோம், வசனத்துல ஒற்று மிகுமா மிகாதான்னு அரைமணி நேரம் சண்டை போட்டோம், நம்பரை ஒருத்தரும் அடிச்சுப் பாக்கல. நாலு மாசமா ஒரு போன்கூட வரல, சரி விதை விதைச்சாச்சுன்னு ஆறுதல் சொல்லிக்கிட்டோம். அப்புறம் ஒருநாள் மானாமதுரைப் பக்கம் ஹாலோபிளாக் கல்லு போடுற ஒருத்தர் நோட்டீஸ்ல இருந்த அட்ரஸைத் தேடி கடைக்கே வந்துட்டார். கோவமா வரல. "தம்பி, இந்த நம்பரை மாத்துங்க, பாவம் ஜனங்க அழுகுறாக"ன்னார். பத்துப் பதினஞ்சு பேரு கூப்பிட்டிருக்காங்க. ஒரு அம்மா மகனுக்கு ஆபரேஷன்னு ராத்திரி பதினோரு மணிக்கு அழுதிருக்காங்க, இவருக்கு என்ன சொல்றதுன்னு தெரியாம "சரிம்மா, நல்லாயிரும்மா, தைரியமா இருங்கம்மா"ன்னு சொல்லியிருக்கார். மறுபடி கூப்பிட்டு, நல்லாயிருச்சுய்யான்னும் சொல்லியிருக்காங்க. அவர் முருக பக்தர். எங்க சபை செய்ய வேண்டிய ஊழியத்தை நாலு மாசம் ஓசியில செஞ்சுட்டுப் போயிட்டார்.

அதுல ரெண்டு விஷயம் புரிஞ்சுச்சு. நோட்டீஸ் வேஸ்ட்டு, எல்லாம் கடலை மடிக்கத்தான் போகும்னு சொல்றவங்க பேச்சு சரியில்ல, கஷ்டத்துல இருக்கிறவன் கையில கிடைச்சா கூப்பிடத்தான் செய்றான். இன்னொண்ணு, நம்பர் சரியா இருந்திருந்தாலும் ராத்திரி பதினோரு மணிக்கு அந்தப் போனை எடுக்க எங்ககிட்ட ஆள் இருந்துச்சான்னு கேட்டா, இல்ல. நோட்டீஸ் அடிக்கிற செலவு தாளோட முடியுறதில்ல. யாராவது ஒருத்தர் தலைமாட்டுல போனை வச்சுக்கிட்டுப் படுக்கணும். அந்த ஆள் யாருன்னு முடிவாகாம 5,000 பிரதி அடிக்காதீங்க.

அப்புறம் எங்க ஊருக்குன்னு ஒரு சிக்கல். வீட்டுக்கு வீடு நோட்டீஸ் போடுறதுன்னு வாலிபர் சங்கத்தோட ஒரு தடவை பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் போனோம். தெருவுக்குத் தெரு கோட்டை மாதிரி வீடு, ஆனா முக்காவாசி பூட்டிக் கிடக்கு, சொந்தக்காரவுக சென்னையிலயும் சிங்கப்பூர்லயும் இருக்காக, கல்யாணம், முன்னோருக்குப் படைக்கிற படைப்புன்னா வருவாக. கதவுக்கடியில சொருகிட்டு வந்தோம். ஒரு வீட்டுல வாட்ச்மேன் சம்சாரம் கதவைத் திறந்துச்சு, பாத்தா கதவுக்குப் பின்னாடி ஒரு முழ உயரத்துக்கு குவியல், கேபிள்காரன் பில்லு, நகைக்கடை நோட்டீஸ், கட்சி நோட்டீஸ், அதுக்கு நடுவுல போன வருஷம் நாங்க போட்டதே கரையான் அரிச்சுக் கெடக்கு. "அண்ணே, இதையெல்லாம் கூட்டி அள்ளுறது நான்தான், எங்கிட்டயே ஒண்ணு குடுத்துட்டுப் போங்களேன், படிக்கிறேன்"னு அந்தப் பிள்ளை கேட்டுச்சு. அம்புட்டு பெரிய வீட்டுல படிக்கத் தயாரா இருந்த ஒரே ஆள் அதுதான், அதுகிட்ட குடுக்கணும்னு எங்களுக்குத் தோணவே இல்ல.

இன்னொரு விஷயம் சொன்னா சில விசுவாசிகளுக்குக் கோவம் வரும், வரட்டும். கொப்புடையம்மன் தேரோட்டத்தன்னைக்கும், பிள்ளையார்பட்டிக்கு நடந்து போறவங்க வழியிலயும் போய் நோட்டீஸ் நீட்டுறது ஊழியம் இல்ல, வம்பு. அரசியல் சட்டம் 25-வது பிரிவுல மதத்தைப் பரப்புற உரிமை இருக்குன்னு வாலிபர்கள் சொல்றாங்க, இருக்கு, பொது ஒழுங்குக்கு உட்பட்டுதான்னும் அதுலயே இருக்கு. சட்டத்தை விடுங்க, நம்ம கிறிஸ்துமஸ் ஆராதனை வாசல்ல எவனாவது வந்து வேற நோட்டீஸ் நீட்டுனா நமக்கு எப்படி இருக்கும்.

மொழி வேற. நம்ம நோட்டீஸ்ல முதல் வரியே "நீ ஒரு பாவி"ன்னு இருக்கும். சபைக்குள்ள வளந்தவனுக்கு அது உபதேசம், வெளிய இருக்கிறவனுக்கு அது திட்டு. அடப் பாவின்னு சண்டையில சொல்ற வார்த்தை அது. இரட்சிப்பு, கிருபை, நீதிமானாக்கப்படுதல், இதெல்லாம் பழைய மொழிபெயர்ப்பு வேதாகமத்துல ஊறினவங்களுக்குத் தேன், பக்கத்து வீட்டு மெக்கானிக்குக்கு ஒண்ணும் புரியாது. கத்தோலிக்க நண்பர்கள் மீட்பு, அருள், தூய ஆவின்னு திருவிவிலியத் தமிழ்ல எழுதுறாங்க, அது கொஞ்சம் பரவாயில்ல, ஆனா அதுவும் பேச்சுத் தமிழ் இல்ல. நோட்டீஸ் எழுதினா டீக்கடையில ஒருத்தர்கிட்ட குடுத்து சத்தமா வாசிக்கச் சொல்லிப் பாருங்க, எங்க திக்குறாரோ அங்க பேனாவை வைங்க.

மாசப் பத்திரிகையைப் பத்தி ரொம்பப் பேச ஒண்ணும் இல்ல. வாத்தியாருக்கு அது மேல உசுரு. 1920-கள்லயே காரைக்குடியில இருந்து குமரன், ஊழியன்னு பத்திரிகை வந்த ஊருடா இதுன்னார், உண்மைதான், அந்த ஊழியன்ங்கிற பேரைப் பாத்து நம்ம ஊழியம்னு நினைச்சிராதீங்க, அது நகரத்தார் சமூகத்துக்காக ராய. சொக்கலிங்கம் நடத்தின தனவைசிய ஊழியன். கணக்கு என்னன்னா, 16 பக்கம், 300 பிரதி, மாசம் அஞ்சாயிரம் ஆகும், தபால் தனி, 40,000 எட்டு மாசம்கூட ஓடாது. பணத்தை விடப் பெரிய பிரச்சனை சரக்கு. முதல் மாசம் எல்லாரும் எழுதுவாங்க, மூணாவது மாசம் போதகர் ஐயாவோட பிரசங்கத்தையும் எங்கயோ சுட்ட குட்டிக்கதையையும் போட்டு ரொப்பணும், ஆறாவது மாசம் நானே நாலு புனைபேர்ல எழுதிக்கிட்டிருப்பேன். பொதுச் செய்தியும் அதைப் பத்தின கருத்தும் போட்டு இத்தனை நாளைக்கு ஒண்ணுன்னு வெளியிட்டா பதிவு பண்ணணும், 1867-ம் வருஷச் சட்டம் போய் இப்ப 2023 சட்டம், 2024 மார்ச்ல இருந்து எல்லாம் ஆன்லைன்ல. படிக்கிறவன் பாதிப் பேருக்கு மேல ஏற்கனவே நம்ம ஆளுங்கதான். விசுவாசிகளைத் தாங்குறதுக்கு நல்ல ஊழியம், மறுக்கல, ஆனா வருஷக்கணக்கா தோள் குடுக்க ஒரு ஆள் இல்லாம ஆரம்பிக்கக் கூடாது. வாத்தியாருக்கு வயசு 74. அதைச் சொல்ல யாருக்கும் மனசு வரல, அவரே சொல்லிட்டார்.

அடுத்து போன். இங்கதான் நான் கொஞ்சம் தோத்தேன். வாலிபர் சங்கத்துப் பையன் ஒருத்தன் கேட்டான், "அண்ணே, என் காலேஜ்ல என் கூடப் படிக்கிறவன் வீட்டுல ஒரு நோட்டீஸ் வச்சிருந்தா அவுக அப்பா என்னடா இதுன்னு கேப்பாரு. அதையே போன்ல ராத்திரி போர்வைக்குள்ள படிச்சா யாருக்குத் தெரியும்?" இதுக்கு என்கிட்ட பதில் இல்ல. யாருக்கும் தெரியாம, யாருக்கும் பதில் சொல்ல வேண்டிய அவசியம் இல்லாம படிச்சுப் பாக்கிற சுதந்திரம் அச்சுத் தாள்ல இல்ல. செலவும் கிட்டத்தட்ட இல்ல.

ஆனா அவங்க நினைக்கிற மாதிரி அது பரவுறதில்ல. வாட்ஸப்ல ஒரே நேரத்துல அஞ்சு பேருக்கு மேல ஃபார்வர்டு பண்ண முடியாது, பல தடவை சுத்தின மெசேஜ்னா ஒரு ஆளுக்குத்தான். பிராட்காஸ்ட் லிஸ்ட்ல 256 பேரு சேக்கலாம்தான், ஆனா உங்க நம்பரைத் தன் போன்ல சேவ் பண்ணி வச்சிருக்கிறவருக்கு மட்டும்தான் போய்ச் சேரும். யோசிச்சா அதுவே ஒரு பாடம், உங்களை யாருன்னே தெரியாதவன்கிட்ட உங்க எழுத்து போகவே போகாது. ஸ்டேட்டஸ் போட்டா 24 மணி நேரத்துல காணாம போயிரும். பசங்க போன வருஷம் போட்ட ஒரு ரீலுக்கு நல்ல கூட்டம், சந்தோஷமாக் காட்டுனாங்க. கீழ கமெண்ட்டைப் பாத்தேன். நாகர்கோவில், தூத்துக்குடி, மலேசியா, வரிசையா ஆமென், ஆமென், அல்லேலூயா. எல்லாம் நம்ம ஆளுங்க. வலையை வீசி நம்ம படகுல ஏற்கனவே கெடக்குற மீனையே பிடிச்சிருக்கோம்.

டெக்னிக்கலா ஒண்ணு, இது என் தொழில் சம்பந்தப்பட்டதுங்கிறதால சொல்றேன். அச்சுக்காக பேஜ்மேக்கர்ல பழைய ஃபான்ட்டுல அடிச்ச மேட்டரை அப்படியே காப்பி பண்ணி வாட்ஸப்ல போட்டா எறும்பு ஊர்ந்த மாதிரி வரும். அதனால முதல்லயே எந்தப் போன்லயும் சரியாத் தெரியுற யூனிகோட்ல டைப் பண்ணி வச்சுக்கங்க, அதுல இருந்து அச்சுக்கு இன்டிசைன்ல கொண்டு போறது சுலபம், இதைத் திருப்பிப் பண்றதுதான் தலைவலி. அப்புறம் எழுத்து ஊழியம்னா எழுத்துதான் போகணும்னு இல்ல, எழுதினதை நல்லா வாசிக்கத் தெரிஞ்ச ஒரு அக்காவை வச்சு அஞ்சு நிமிஷம் வாய்ஸ் நோட்டா அனுப்பினா கண்ணு தெரியாதவங்க, படிக்கத் தெரியாதவங்க கேப்பாங்க. எங்க சபையில அது ரீல்ஸை விட நல்லாப் போகுது.

இப்ப பெரிய புத்தகம். என் ஆசைன்னு முதல்ல சொன்னேன்ல, அது இதுதான். என் மேசை டிராயர்ல ஒரு நாவல் இருக்கு, பத்து வருஷமா எழுதுறேன், தேவகோட்டைப் பக்கத்துல ஒரு உபதேசியார் குடும்பத்தைப் பத்தி. எழுத்து ஊழியத்துக்குக் காணிக்கைன்னு கேட்டதும் என் மனசு எங்க போயிருக்கும்னு உங்களுக்கே தெரியும். 128 பக்கம், 500 பிரதி, முப்பத்தஞ்சாயிரத்துக்கு மேல, கிட்டத்தட்ட மொத்தப் பணமும் போயிரும். கதையா சொன்னா உபதேசத்தை வெறுக்கிறவன்கூட படிப்பான்ங்கிறது என் வாதம், அது பொய்யில்ல. சிறுகூடல்பட்டிக்காரர் கண்ணதாசன், நம்ம மண்ணு ஆளு, கடைசிக் காலத்துல இயேசு காவியம் எழுதினார், திருச்சி கலைக்காவிரிதான் அதை வெளியிட்டது. அதை எங்க ஊர்ல எத்தனையோ கிறிஸ்தவரல்லாதவங்க வீட்டு அலமாரியில பாத்திருக்கேன், கண்ணதாசன்னுதான் வாங்கியிருப்பாங்க, ஆனா உள்ள இருக்கிறது சுவிசேஷம். கவிதை அவ்வளவு தூரம் போகும்.

ஆனா கண்ணதாசன் கண்ணதாசன். நான் நான். என்னோட 500 பிரதியில நூறை சொந்தக்காரங்களுக்குக் குடுத்துட்டு மிச்சம் நானூறு எங்க போகும்னு எனக்கே தெரியும், எங்க சபை வெஸ்ட்ரி அறையில ஏற்கனவே ஒரு போதகரோட பிரசங்கத் தொகுப்பு நாலு கட்டு, பிரிக்காம, மேல சப்பரத் துணியைப் போட்டு மூடி வச்சிருக்கு. கமிட்டியில நானே என் நாவலை வாபஸ் வாங்கினேன். வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் யார்கூடயும் சரியாப் பேசல, அது வேற விஷயம்.

கடைசியா, யாரும் லிஸ்ட்டுல வைக்காத ஒண்ணு. இது என் கடையில இருந்தே வந்தது. எங்க பக்கம் நகரத்தார் வீட்டுல சாந்திக் கல்யாணம்னா, அறுவதோ எண்பதோ, வந்தவங்களுக்கு தாம்பூலப் பையில ஒரு சின்னப் புத்தகம் போடுவாக. கந்தசஷ்டி கவசம், சிவபுராணம், தேவாரத்துல பொறுக்கி எடுத்த பதிகம், முப்பத்திரெண்டு பக்கம், பின் அட்டையில ஐயா ஆச்சி போட்டோ, "அன்பளிப்பு"ன்னு பேரு. நானே நிறைய டைப் பண்ணியிருக்கேன். கிறிஸ்தவன் டைப் பண்ணி, முஸ்லிம் பாய் பிரஸ்ல அடிச்சு, செட்டியார் வீட்டுல குடுக்கிற சிவபுராணம், இதுதான் காரைக்குடி. அந்தப் புத்தகத்தை யாரும் தூக்கி எறியறதே இல்ல. சாமி படம் இருக்கேன்னு மட்டும் இல்ல, நம்ம போய்ச் சாப்பிட்டு வந்த வீட்டு ஐயா ஆச்சி மூஞ்சி அதுல இருக்கு, அதை எப்படிக் குப்பையில போடுறது. அலமாரியில கெடக்கும். ஒருநாள் கரண்ட் போன மத்தியானத்துல யாராவது எடுத்துப் புரட்டுவாக. தாள் மேல இந்த ஊருக்கே ஒரு மரியாதை உண்டு, கோட்டையூர்ல ரோஜா முத்தையா செட்டியார் பழைய புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ், அழைப்பிதழ்னு மத்தவுக வேணாம்னு போட்டதையெல்லாம் சேத்து வச்சாரு, 1992-ல அவர் காலமானப்புறம் சிகாகோ யுனிவர்சிட்டி வாங்கி அதுதான் இன்னைக்கு சென்னையில லைப்ரரியா இருக்கு.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி எங்க அம்மா தவறினப்ப, முப்பதாவது நாள் நினைவுக் கூட்டத்துக்கு 16 பக்கத்துல ஒரு சின்னப் புத்தகம் போட்டேன், 200 பிரதி. அம்மா வாழ்க்கை, அவுகளுக்குப் பிடிச்ச சங்கீதம், நாலு பாட்டு. வந்தவுகள்ல பாதிப் பேருக்கு மேல தெருக்காரவுக, கிறிஸ்தவங்க இல்ல. ஒரு வாரம் கழிச்சு மூணாவது வீட்டு ஆச்சி, முகப்புத் திண்ணையில பூதக்கண்ணாடியை வச்சுக்கிட்டு அதைப் படிச்சுக்கிட்டு இருக்காக. என்னையப் பாத்ததும், "ஏப்பா, எழுத்து ஏன் இம்புட்டுப் பொடியாப் போட்ட"ன்னாக. தரங்கம்பாடியில மிஷனரி சீகன்பால்க் காலத்துல தமிழ் எழுத்து பெருசா இருந்து பேப்பர் பத்தாம சின்ன எழுத்து வார்த்தாங்கன்னு படிச்சிருக்கேன், எனக்கு அந்தக் கஷ்டம் ஒண்ணும் இல்ல, பக்கத்தை மிச்சம் பிடிக்கணும்னு கஞ்சத்தனம். அப்புறம் ஆச்சி அடுத்த கேள்வியைக் கேட்டாக. "ஒங்க ஆத்தா கடைசி மாசத்துல வலி தாங்காம ஒங்க சாமியவே திட்டுனாளேப்பா. எங்கிட்டயே சொல்லி அழுதா. அதை ஏன் எழுதல?"

நான் எழுதினதுல அம்மா "பொறுமையோடு பாடுகளைச் சகித்து கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்". அவ்வளவுதான். தெரியாத ஊர்ல குடுத்திருந்தா அந்த வரி தப்பிச்சிருக்கும். தெரிஞ்ச தெருவுல குடுத்ததால ஒரு நிமிஷத்துல பிடிபட்டுருச்சு. திண்ணையில உக்காந்து நடந்ததை நடந்தபடி சொன்னேன், திட்டினது, அழுதது, கடைசி ரெண்டு நாள் என் கையைப் பிடிச்சுக்கிட்டு 23-ம் சங்கீதம் வாசிக்கச் சொன்னது, நாலாவது வசனத்துக்கு மேல என்னால வாசிக்க முடியாம போனது. ஆச்சி ஒண்ணும் சொல்லல, காப்பி குடுத்தாக. பதினஞ்சு வருஷமா அந்தத் தெருவுல இருக்கேன், என் விசுவாசத்தைப் பத்தி ஒருத்தர் கேட்டு நான் மறைக்காம சொன்னது அன்னைக்குத்தான்.

அதனாலதான் கமிட்டியில நான் இதை வச்சேன், ஊருக்குத் தெரிஞ்ச ஒருத்தரோட வாழ்க்கையை நடந்தபடி ஒரு சின்னப் புத்தகமாப் போட்டு, அவரைத் தெரிஞ்சவங்களுக்கே குடுக்கிறதுன்னு. லூக்கா தன் சுவிசேஷத்தை ஊருக்கெல்லாம்னு ஆரம்பிக்கல, மகா கனம்பொருந்திய தெயோப்பிலுவேன்னு ஒரு ஆளுக்கு எழுதுறார். பவுல் எழுதின பிலேமோன் நிருபம் மொத்தமே 25 வசனம், ஒரு வீட்டுக்காரருக்கு அவர் வேலைக்காரனைப் பத்தி. தேவகோட்டையில இருந்து ஓரியூர் பஸ்ல போற தூரம்தான், அங்க 1693 பிப்ரவரி 4-ல அருளானந்தரை, ஜான் டி பிரிட்டோ அடிகளாரை, வெட்டுனாங்க, முந்தின நாள் சிறையில இருந்து கூட்டாளிங்களுக்கு எழுதின கடிதத்தை இன்னைக்கும் எடுத்துச் சொல்றாங்க. அவர் அதைத் தனக்குத் தெரிஞ்ச சில பேருக்காகத்தான் எழுதினார்.

குறையும் இருக்கு. இந்தப் புத்தகம் நம்மளைத் தெரிஞ்ச வட்டத்தைத் தாண்டாது, ஆஸ்பத்திரி வராண்டாவுல அழுதுக்கிட்டு இருக்கிற அம்மாவுக்கு இது போய்ச் சேராது, அதுக்கு நோட்டீஸ்தான் வேணும். விசேஷத்துக்குச் சாப்பிட வந்தவனை மடக்கிப் பிடிச்ச மாதிரியும் ஆயிரக் கூடாது. பலகாரப் பையில ஒளிச்சு வைக்கிற வேலை வேணாம், இது ஒரு கிறிஸ்தவரோட வாழ்க்கைன்னு அட்டையிலயே இருக்கணும், வேணாம்னா வச்சுட்டுப் போகட்டும்னு நான் சொன்னேன், போதகர் ஐயா முதல்ல முகத்தைச் சுளிச்சார், அப்புறம் ஒத்துக்கிட்டார். வசனம் நீளமா எடுத்துப் போடுறதா இருந்தா, எந்த மொழிபெயர்ப்புன்னு பாத்து பைபிள் சொசைட்டிக்கு எழுதிக் கேட்டுக்கங்க, ஒரு கடிதம்தான்.

கடைசியில நாங்க பிரிச்ச விதம் இது. வாழ்க்கைப் புத்தகம் 32 பக்கம், ரெண்டு பாரம், 14 பாயிண்ட் எழுத்து, 1,000 பிரதி, பதினாறாயிரம். 2,000 நோட்டீஸ், ஆஸ்பத்திரிக்கு மட்டும், பின்னாடி ரெண்டு நம்பர், ரெண்டையும் கமிட்டிக்கு முன்னாடியே அடிச்சுப் பாத்தாச்சு, ராத்திரி எடுக்க ஒரு ரிட்டயர்டு நர்ஸ் அக்கா ஒத்துக்கிட்டாக. அதே கதையை வாய்ஸ் நோட்டா வாலிபர் பசங்க பாத்துக்கிறாங்க. மிச்சப் பணம் அடுத்த புத்தகத்துக்கு. வெளியூருக்கு அனுப்புறவங்களுக்கு ஒரு தகவல், 2025 மே மாசத்துல இருந்து தபால்துறையில ஞான் போஸ்ட்னு வந்திருக்கு, 300 கிராம் வரைக்கும் 20 ரூபா, வரி தனி, மதப் புத்தகமும் அதுல போகும், பத்திரிகை போகாது. எங்க சைஸ் புத்தகம் ஏழு வரைக்கும் ஒரே பார்சல்ல அடங்குது.

முதல் புத்தகம் எங்க சபையில இருக்கிற ஒரு பலகாரம் போடுற அக்காவோட கதை. கல்யாண வீடு, படைப்பு வீடுன்னு முப்பது வருஷமா மணகோலம், சீப்புச் சீடை, கந்தரப்பம் போடுறவுக, அவுகளைத் தெரியாத வீடு இந்தப் பக்கம் கம்மி. புருஷன் விட்டுட்டுப் போனது, கடன், ஒரு பிள்ளையைப் பறிகுடுத்தது, சபைக்குள்ள வந்தது, எல்லாத்தையும் எண்ணெய்ச் சட்டி முன்னாடி உக்காந்தே சொன்னாக, நான் போன்ல ரெக்கார்டு பண்ணி வீட்டுக்கு வந்து அழகாத் தமிழாக்கி ப்ரூஃப் எடுத்துட்டுப் போனேன். அவுக மகள் வாசிச்சுக் காட்டுச்சு. ரெண்டு பக்கம் கேட்டுட்டு அக்கா என்னையப் பாத்து, "தம்பி, இது யாரு?"ன்னாக.

திரும்ப ரெக்கார்டைப் போட்டு அவுக சொன்னபடியே டைப் பண்ணினேன். ரெண்டாவது ப்ரூஃப்லயும் ஒரு இடத்துல நிறுத்திட்டாக. பிள்ளை செத்த ராத்திரி, "ஆண்டவர் என் கண்ணீரைத் துடைத்தார்"னு என்னையறியாம நானே போட்டிருக்கேன். "தொடைக்கல தம்பி. கூட உக்காந்திருந்தாரு. அதைப் போடு"ன்னாக. போட்டேன். அவுக பேச்சு நீளம், என் தமிழ் மாதிரி சுருங்கல, 32 பக்கத்துக்கு மேல ஒரு பக்கம் போயிருச்சு. ஆஃப்செட்காரர், அண்ணே ஒரு பக்கத்துக்காக இன்னொரு பாரமா போடுவீங்கன்னு சிரிக்கிறார். என் முன்னுரை சரியா ஒரு பக்கம் இருந்துச்சு. எடுத்துட்டேன்.